கித்தானுக்கும் வேலைத்துணிக்கும் மெழுகு: குமரி மழையில் தாங்கியதும் தாங்காததும்

தடித்த பருத்தித் துணியில் மெழுகு ஏற்றினால் மழை தாங்குமா என்றால், தாங்கும். கருவிப் பை, ஏப்ரன், பைக்கில் சாமான் மூடும் கித்தான் விரிப்பு எல்லாம் இப்படிப் பல மழைக்காலம் உழைத்திருக்கின்றன. ஆனால் உடம்பில் போடும் சட்டைக்கு முழுதாக மெழுகு ஏற்றக் கூடாது. வெளிநாட்டுச் சேர்மானத்தையும் அப்படியே எடுக்கக் கூடாது. அங்கே மெழுகோடு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) சேர்ப்பது, குளிரில் துணி விறைத்து வெடிக்காமல் இருக்க. நமக்கு அந்தக் கவலை இல்லை. எண்ணெய் கூடினால் பங்குனி வெயிலில் துணி பிசுபிசுத்துத் தூசியை எல்லாம் இழுத்துக்கொள்ளும். லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

நமக்குச் சரிவந்த அளவு தேன்மெழுகு 2 பங்கு, பாரபின் (பெட்ரோலிய மெழுகு) 1 பங்கு. எண்ணெய் வேண்டாம். தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரியில் உருகும். பாரபினிலும் 58-60 டிகிரியில் உருகும் ரகத்தையே கேட்டு வாங்க வேண்டும். பாரபினை மட்டும் போட்டால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்து வெடிக்கும், அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கும். தேன்மெழுகு மட்டும் என்றால் ஒட்டும், செலவும் கூடும். 340 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 340 கிராம் எடை) கித்தானுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிராம் மெழுகு பிடிக்கிறது. 200 கிராம் தேன்மெழுகும் 100 கிராம் பாரபினும் 3 சதுர மீட்டருக்குக் காணும்.

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடம் மெழுகு கிடைக்கும். ரப்பர் தளிர்விட்டு வரும் தேன் சீசன் முடியும்போது வாங்குவது நல்லது. ஒடித்துப் பார்த்தால் நல்ல தேன்மெழுகின் முறிவு குருணையாகத் தெரியும். கைச்சூட்டில் பிசைந்தால் இளகும், கொழுப்புப் பிசுக்கு ஒட்டாது. தேன் மிச்சம் இருந்தால் எறும்பு தேடி வரும். அப்படிப்பட்ட மெழுகைத் தண்ணீரில் போட்டு உருக்கி, துணியில் வடிகட்டி, ஆறிய வட்டின் அடியில் படிந்த அழுக்கைச் சுரண்டிவிட வேண்டும்.

துணியைத் தயார் செய்வதில்தான் பாதி வெற்றி. சோப்பு மிச்சம் இருந்தால் அதுவே தண்ணீரை உள்ளே இழுக்கும், அதனால் நுரை வராத வரை அலச வேண்டும். குளச்சல், முட்டம் பக்கம் கடலில் பயன்பட்ட கித்தானை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றி அலசுங்கள். நாரில் உப்பு இருந்தால் ஈரம் போகாது, ஈர நாரில் மெழுகு இறங்காது. கரும்புள்ளிப் பூஞ்சையை நீக்காமல் மெழுகிட்டால் அது உள்ளேயே தங்கிவிடும். இரண்டு நாள் நல்ல வெயிலில் காய்ந்த பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள்.

மெழுகை நேரடியாகத் தீயில் வைக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் சிறு பாத்திரத்தில் மெழுகு இருக்கட்டும். எங்காவது தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடி கேஸை அணைக்க வேண்டும். உருகியதும் 2 அங்குல பிரஷால் மெல்லிசாகப் பூசுங்கள். ஆறினால் துணி வெள்ளையாக விறைக்கும், பயம் வேண்டாம். ஹேர் டிரையரால் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு காட்டினால் மெழுகு நாருக்குள் போய்த் துணி நிறம் கறுக்கும். வெள்ளை நிற்கும் இடத்தில் மெழுகு மேலேயே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். கரண்ட் இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, பழுப்புத்தாள் விரித்தும் தேய்க்கலாம். சிரட்டைக்கரிப் பெட்டி வேண்டாம், அதில் சூடு கட்டுக்குள் இருக்காது, பொறியும் விழும். மொட்டைமாடியில் தகரத்தின் மேல் நடுப்பகல் வெயிலில் விரித்து வைத்துப் பூசினால் மெழுகு சீக்கிரம் உறையாது, வேலை எளிது. மிஞ்சிய மெழுகைப் பழைய வேட்டித்துணியால் துடைத்து, ஒரு நாள் நிழலில் தொங்கவிடுங்கள்.

தையலைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஊசித்துளை வழியாகத்தான் முதலில் ஒழுகும். அங்கே மெழுகுக் கட்டியை அழுத்தித் தேய்த்துச் சூடு காட்டி, ஆறியதும் இன்னொரு முறை தேய்க்க வேண்டும்.

ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும்போது போடும் துணிக்குத் தோள், மேல்முதுகு, தொடையின் முன்பக்கம், முழங்கால் மட்டும் போதும். அக்குள், நெஞ்சு, இடுப்பை விட்டுவிடுங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் வியர்வை வெளியேற வழி இல்லாவிட்டால் மழையில் நனைவதைவிட மோசமாக உள்ளே நனையும். மெழுகிட்ட இடத்தில் சிந்திய ரப்பர் பால் காய்ந்தபின் பெரும்பாலும் உரிந்து வந்துவிடுகிறது; எங்களுக்கு இது பெரிய லாபமாகவே பட்டது. ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்க எடுக்கும் ஆசிட்டுக்கு இதை நம்ப வேண்டாம், அதற்கு ரப்பர் ஏப்ரனும் கையுறையும்தான். நனைந்த துணியை, ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரையில் காயப்போடவும் கூடாது. அங்கே 40 முதல் 60 டிகிரி வரை சூடு இருக்கும், மெழுகு இளகி ஷீட்டில் சொட்டும். மெழுகிட்ட துணி தீயை எளிதில் பிடிக்கும் என்பதால் விறகடுப்பு, வெல்டிங் பக்கம் போட்டுப் போகாதீர்கள்.

டர்பன்டைனில் கரைத்துப் பூசுவது சிலருக்கு எளிதாகத் தெரிகிறது. இலாஸ்டிக் உள்ள துணிக்கு அது ஆகாது, ரப்பர் உப்பிப் போகும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் கலப்பதும் தவறு. அது உலராத எண்ணெய், 24 டிகிரிக்கு மேல் நீராகவே இருக்கும், சிக்கு வாடை பிடிக்கும். நைலான், பாலியெஸ்டர் ரெயின்கோட்டில் மெழுகு உள்ளே போகாமல் செதிலாக உதிரும். கலப்புத் துணியா என்று சந்தேகம் இருந்தால் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுச் சூடு காட்டிப் பாருங்கள்.

மெழுகிட்ட துணி மழைத்தண்ணீரை வழியவிடும், அழுத்தத்தைத் தாங்காது. ஈரத்தரையில் மண்டியிட்டால் முழங்காலில் கசியும். நீண்ட அடைமழையில் பையின் வார் உரசும் இடம்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். போனும் ரசீதும் பாலித்தீன் உறைக்குள் இருக்கட்டும்.

சோப்பு போட்டுத் துவைக்கவோ வெந்நீரில் முக்கவோ கூடாது. பச்சைத்தண்ணீரும் நார் பிரஷும் போதும். பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், காற்றோட்டத்தில் தொங்கவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரைக் கடைசியில், தண்ணீர் தெளித்துப் பார்த்து, முத்தாக நிற்காமல் பரவும் இடத்துக்கு மட்டும் மறுபடி ஏற்றினால் போதும். வாரும் மடிப்பும் மட்டும் ஐப்பசி மழைக்கு முன் இன்னொரு தேய்ப்பு கேட்கும்.