ஆறு வருடம் ஓட்டிய கேட் சாப்ட்வேரும் வெளியிலிருந்து வரும் கர்வும்

பழைய சகா ஒருவர் போன வாரம் போன் செய்தார். "நீ வைத்திருக்கும் சாப்ட்வேரை வாங்கலாமா?" என்று கேட்டார். கம்ப்யூட்டரில் வரைந்து வடிவம் எழுப்பும் கேட் (CAD) சாப்ட்வேர் அது. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், அதன் ஒரு குணத்தைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன்.

கோவையில் பம்பின் வெளிக்கூடான கேசிங்கை வார்ப்பதற்கு பேட்டர்னும் (மர மாதிரி), உள் குழிக்கான மணல் கருவை உருவாக்கும் கோர் பாக்ஸும் செய்யும் பட்டறையில் எனக்கு வேலை. கேசிங்குக்குள் தண்ணீர் சுற்றி ஓடும் வழிக்கு வால்யூட் என்று பெயர், நத்தைக்கூடு மாதிரி இருக்கும். நாக்கு என்கிற முனையில் ஒடுங்கித் தொடங்கி, சுற்றிப் போகப் போக தண்ணீர் வழி அகலமாகும். 45 டிகிரிக்கு ஒன்றாக எட்டு செக்‌ஷன் கர்வ் (குறுக்குவெட்டு வளைவு) வெளியிலிருந்து ஃபைலாக வரும். அதைக் கோத்து ஒரு சர்ஃபேஸ் (மேற்பரப்பு) எழுப்ப வேண்டும், அவ்வளவுதான். இதற்குப் பெயர் லாஃப்ட்.

ஆனால் பாதி ஃபைல் இன்னும் ஆர்12 டிஎக்ஸ்எஃப் என்கிற பழைய வரைபட ஃபார்மட்டில்தான் வருகிறது. அந்த ஃபார்மட்டில் ஸ்ப்லைனே (சில புள்ளிகளை வைத்து வழவழவென்று வளையும் ஒரே கோடு) கிடையாது. அப்படிப்பட்ட வளைவெல்லாம் குட்டிக் குட்டி நேர்கோடாக உடைந்து வரும். ஐஜெஸ் என்கிற இன்னொரு ஃபார்மட்டில் 126-ம் எண் என்டிட்டியாக வந்தால் ஸ்ப்லைன் ஸ்ப்லைனாகவே கிடைக்கும்.

ஃபைல் மோசமாக வருவதற்கு சாப்ட்வேரைக் குறை சொல்ல மாட்டேன். வந்தது என்ன என்று அது சொல்லாமல் இருப்பதுதான் ஆறு வருடமாக என்னை எரிச்சல்படுத்துகிறது. 214 துண்டாக வந்த கர்வைத் திரையில் வழவழவென்று காட்டும். லாஃப்ட் கொடுத்தால் பச்சை டிக் விழும். அதை நம்பி ஒருமுறை கோர் பாக்ஸை மெஷினில் ஏற்றிவிட்டேன். இறக்கியதும் பட்டறையின் மூத்த ஆசாரி நாக்குப் பக்கம் கட்டை விரல் நகத்தை மெல்ல ஓட்டினார். "தம்பி, படி படியா தட்டுது பாரு" என்றார். கண்ணுக்குத் தெரியவில்லை, நகத்துக்குத் தெரிந்தது. அந்தப் படி கோர் மணலில் பதியும், அப்புறம் வார்ப்பில் தண்ணீர் ஓடும் வழியில் நிரந்தரமாக நிற்கும். நல்ல தேக்கு. மறுபடி முதலிலிருந்து செய்தோம்.

இன்னொன்றும் உண்டு. எட்டு கர்வும் ஸ்ப்லைனாகவே வந்தாலும், ஒவ்வொன்றிலும் நாட் (ஸ்ப்லைனின் துண்டுகள் சேரும் இடம்) வேறு வேறு இடத்தில் இருந்தால் லாஃப்ட் எல்லா நாட்டையும் ஒரே சர்ஃபேஸில் கொண்டுவந்து திணிக்கும். குறுக்குக் கோடு மண்டி, எங்கே தொட்டாலும் அலை எழும். ஒரு கர்வின் திசை மட்டும் எதிராக இருந்தால் சர்ஃபேஸ் பிழிந்த துண்டு மாதிரி முறுக்கிக்கொள்ளும். முறுக்காவது கண்ணுக்குத் தெரிகிறது.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். கர்வேச்சர் சீப்பு என்று ஒரு வசதி இருக்கிறது. வளைவு எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்குக் கர்வின் மேல் பல் முளைக்கும். நேர்கோட்டுத் துண்டுக்கு வளைவே இல்லை, அதனால் பல்லும் இல்லை. அதைப் பார்த்துத்தான் இப்போது ஃபைலை எடை போடுகிறேன். மொட்டையாக இருந்தால் எட்டையும் ஒரே மாதிரி டிகிரி 3 (கோணம் இல்லை, சமன்பாட்டின் அடுக்கு), 12 பாயின்ட் வைத்து ரீபில்ட் செய்கிறேன், அதாவது ஸ்ப்லைனாகத் திரும்ப வரைகிறேன். பழைய கோட்டிலிருந்து விலகல் 0.05 மில்லிமீட்டருக்குள் நின்றால் போதும், மரத்துக்கு அது தாராளம். அப்புறம் லாஃப்ட் கொடுத்தால் எட்டு செக்‌ஷன் வழியாகவும் ஒரே சர்ஃபேஸ், ஒரு தையல்கூட இல்லாமல், நாக்கிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாய் வரை வழுக்கிக்கொண்டு போகும். வழவழப்பைச் சோதிக்கும் கறுப்பு வெள்ளை ஜீப்ரா கோடு போட்டுப் பார்த்தால் ஒன்றுகூட உடையாது. இத்தனை நாள் கழித்தும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன். இவ்வளவு சுத்தமான லாஃப்டை நான் தொட்ட வேறு எந்த சாப்ட்வேரும் தந்ததில்லை.

சகாவிடம், உனக்கு வருகிற ஃபைல் எப்படி என்று கேட்டேன். முக்கால்வாசி ஆர்12 டிஎக்ஸ்எஃப் என்றார். வாங்காதே என்று சொல்லிவிட்டேன். சர்ஃபேஸ் அவ்வளவு நன்றாக வரும் என்கிறாயே என்றார். ஆமாம், வரும். ஆனால் இம்போர்ட் ஆனதும் "இது கர்வ் இல்லை, 214 கோடு" என்று ஒரு வரி காட்டுகிற வரைக்கும், இன்னொருவர் மரத்தை இதை நம்பி மெஷினில் ஏற்றச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.