ஈசிஆர் சைக்கிள் ரைடுக்கு மெடிக்கல் ஷாப் ஓஆர்எஸ்

வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பார்களே, அதே ஓஆர்எஸ் பொடிதான். ஆரஞ்சு ஃப்ளேவர், ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட். சென்னை திருவான்மியூரிலிருந்து ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய்த் திரும்பும் ஞாயிறு ரைடுகளுக்கு இப்போதெல்லாம் இதைத்தான் கலந்து எடுத்துப் போகிறேன்.

தண்ணீரில் போட்டதும் நுரைக்கும் மாத்திரைகளையும் வாங்கிப் பார்த்தாயிற்று. ருசி அதில்தான் ஒரு படி மேல். இதை வீட்டில் உட்கார்ந்து குடித்தால் முகம் சுளிக்க வைக்கும். கோவளம் தாண்டி, வியர்வை கண்ணில் இறங்கி எரியும்போது அதே உப்பு நன்றாகவே இறங்குகிறது.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டு அளவு இது: லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9, குளுக்கோஸ் 13.5. குளுக்கோஸ் தித்திப்புக்காகச் சேர்த்ததல்ல. குடல் சோடியத்தை உள்ளே இழுக்க அது கூடவே வேண்டும். தண்ணீர் பின்னாலேயே போய்விடும். ஜெர்சி காய்ந்ததும் முதுகில் வெள்ளைக் கோடு விழும் என்னைப் போன்ற ஆட்களுக்கு இந்த உப்பு அவசியம். இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் கம்மி. அதற்காக மாமல்லபுரத்தில் இளநீர் குடிக்காமல் திரும்புவேன் என்று நினைக்காதீர்கள்.

தெம்புக்கு இதை நம்ப முடியாது. விளையாட்டு பானங்களில் லிட்டருக்கு 60 கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். இதில் கால்வாசிகூட இல்லை. சட்டைப் பையில் கடலை மிட்டாய் இல்லாமல் கிளம்புவதில்லை. அப்புறம் அளவுத் தொல்லை. சைக்கிள் பாட்டில் 750 மில்லி, பாக்கெட்டோ ஒரு லிட்டருக்கு. முழுசாக அதிலேயே கொட்டிவிடாதீர்கள், கலவை கெட்டியானால் வயிற்றைப் புரட்டும். வீட்டிலேயே ஒரு லிட்டராகக் கலந்து, மீதியை இன்னொரு பாட்டிலில் ஊற்றிக்கொள்கிறேன். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட் கிடைத்தால் வசதி. எப்படியானாலும் பாட்டில் மூடியின் உறிஞ்சும் வாய் பிசுபிசுவென்று ஆகிவிடும். வந்ததும் பிரஷ் போட்டுக் கழுவாவிட்டால் நாற்றம்.

வாங்கும்போது ஒரு கண் இருக்கட்டும். ஒரு கடையில் ஓஆர்எஸ் கேட்டதற்கு அட்டைப்பெட்டி ஜூஸ் ஒன்றை எடுத்து நீட்டினார்கள். பெயரில்தான் ஓஆர்எஸ், உள்ளே இருந்தது சர்க்கரைத் தண்ணீர். மேலே சொன்ன உலக சுகாதார நிறுவன அளவில் இல்லாத பானங்கள் பெயரில் அந்த வார்த்தையைப் போடக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. நல்ல காரியம்.

மாலையில் ஒரு மணி நேரம் ஷட்டில் ஆடுகிறவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். என் மச்சான் பிரஷர் மாத்திரை போடுகிறவர். அவரும் ஒரு பாக்கெட் கேட்டார். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்க மச்சான் என்று சொல்லிவிட்டேன்.

ஐந்துக்கு நாலு ஸ்டார். குறைத்த ஒன்று அந்தப் பிசுபிசுப்புக்கு.