பழைய ஹார்டு டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, காலடிப்பேட்டைப் பக்கம் யாராவது பழைய கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) போட நினைத்திருந்தால், இதைப் படித்த பிறகு சிபியுவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2012-இல் அப்பா வாங்கியது. எச்61 என்ற பழைய வகை மதர்போர்டு, 500 ஜிபி ஹார்டு டிஸ்க். பட்டனைத் தட்டிவிட்டுத் தெருமுனை அடிபம்பில் இரண்டு குடம் தண்ணீர் அடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு வரை சிபியுவைச் சுமக்க வேண்டுமே என்று, நடக்கும் தூரத்தில் இருந்த ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். 1 டிபி எஸ்எஸ்டி, விண்டோஸ், ஃபைல்களைக் காப்பி செய்வது எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய் என்றார் கடைக்காரர்.

“பழைய டிஸ்க்கைக் கொடுத்துவிடுங்கள் அண்ணா, 300 ரூபாய் கழித்துக்கொள்கிறேன். அதை வைத்து நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?”

புதிய டிஸ்க்கில் ஃபோல்டர்களைத் திறந்து காட்டினார். அப்பா வைத்த பெயர்கள் வரிசையாக இருந்தன. நம்பிக் கொடுத்துவிட்டேன். அந்த 300 ரூபாயை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

மூன்று வாரம் கம்ப்யூட்டர் பறந்தது. அப்பாவின் திதிக்கு ஒரு படத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னார் அம்மா. எண்ணூர் அனல்மின் நிலைய வாசலில் அப்பா நிற்கும் படம். திறந்தேன். வானம் வந்தது, கேட்டின் மேல்பகுதி வந்தது, அப்பாவின் நெற்றி வந்தது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அடுத்த படங்கள் திறக்கவே இல்லை. பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, அளவு இருக்கிறது, படம் இல்லை.

வியாசர்பாடியில் இருக்கும் என் மைத்துனருக்கு இந்த வேலை தெரியும். திறக்க முடிந்த ஃபைல்களை முதலில் வேறு டிஸ்க்குக்கு மாற்றினார். பிறகு எஸ்எஸ்டியை முழுவதும் அழித்துவிட்டு, எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டினார். டிஸ்க் நிறையும் வரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் சோதனை அது. விண்டோஸ் காட்டியது 931 ஜிபி. 1 டிபி என்றால் அப்படித்தான் காட்டும், அதில் தவறில்லை. உள்ளே உண்மையில் இருந்தது 120 ஜிபிக்கும் குறைவு. டிஸ்க்கை இயக்கும் சிப்பான கன்ட்ரோலரையே பொய்க் கணக்குச் சொல்லும்படி மாற்றியிருக்கிறார்கள். 120 ஜிபியைத் தாண்டி எழுதியது எதுவும் தங்கவில்லை. ஃபைல் பெயர்ப் பட்டியல் முன்பகுதியில் பதிவாகிவிட்டதால், பார்ப்பதற்கு எல்லாம் இருப்பதுபோலவே தெரிந்தது.

எஸ்எஸ்டியின் பெட்டியைப் பிரித்தோம். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு சர்க்யூட் போர்டு. சிறிய போர்டு என்பதாலேயே போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், நல்ல நிறுவனங்களின் எஸ்எஸ்டியிலும் பாதிப் பெட்டி காலியாகத்தான் இருக்கும். ஆனால் இதில் இருந்த ஒரே மெமரி சிப்பின் மேல் எழுத்துகள் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தன.

கடைக்குப் போனேன். “நாங்களும் வாங்கித்தான் விற்கிறோம், கம்பெனியைக் கேளுங்கள்” என்றார். டிஸ்க்கில் இருந்த பெயரில் ஒரு கம்பெனியையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய டிஸ்க்கையாவது கொடுங்கள் என்றேன். காயலான் கடைக்குப் போட்டாயிற்றாம். அதில் எங்கள் எல்லோருடைய ஆதார் நகலும் அம்மாவின் வங்கிப் பாஸ்புக் நகலும் இருந்தன. ஃபார்மேட் செய்ததாகச் சொல்கிறார். சாதாரண ஃபார்மேட்டில் ஃபைல்கள் முழுவதும் அழிவதில்லை, மென்பொருள் வைத்து மீட்டுவிடலாம் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் அவருக்குத் தெரியாதா?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப்போகிறேன். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. என் கையில் இருப்பதோ ஜிஎஸ்டி எண்ணும் டிஸ்க்கின் சீரியல் எண்ணும் இல்லாத ஒரு துண்டுச்சீட்டு. நீங்கள் அப்படி ஒரு சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள். சீரியல் எண்ணோடு பில் கேளுங்கள், தர மறுத்தால் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். இன்னொன்று, எச்61 போர்டில் டிஸ்க்கை இணைக்க இருப்பவை நொடிக்கு 3 ஜிகாபிட் வேகமுள்ள பழைய சாட்டா போர்ட்கள்தான். அதிவேகம் என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள், சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும். சோதனை ஓட்டி, ஃபைல்களை மாற்றி, படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து முடிக்கும் வரை பழைய டிஸ்க் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.

வடசென்னையில் பழைய கம்ப்யூட்டர் பொருட்கள் வாங்கும் அண்ணன்மார்களிடம் ஒரு வேண்டுகோள். 500 ஜிபி, 3.5 அங்குல ஹார்டு டிஸ்க். மேல்பக்கத்தில் நீல மார்க்கரில் ‘வீடு 2012’ என்று அப்பாவின் கையெழுத்து இருக்கும். உங்கள் குவியலில் கண்ணில் பட்டால் உடைத்துவிடாதீர்கள், எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நீங்கள் சொல்லும் விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.