கடலூர் மொட்டை மாடியில் விதை போட்டு வளர்த்த தக்காளி: சில வருட அனுபவம்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வருடா வருடம் விதை போட்டுத் தக்காளி வளர்த்து வருகிறேன். கடலோரத்தில் இருப்பவர்கள் உரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் எந்த ரகம், எந்த மாதம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். விளைச்சலில் பெரும்பகுதி அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

தக்காளிப் பூ பிஞ்சாவதற்கு இரவு குளிர்ச்சியாக இருக்க வேண்டும். 15 முதல் 20 டிகிரி என்றால் நன்றாகக் காய் பிடிக்கும். 24-ஐத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, பூ காம்போடு உதிரும். கடலூரில் மே மாத விடியற்காலையில்கூட 26 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஜனவரியில்தான் 20-ஐ ஒட்டி வருகிறது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார்கள். வெண்டைக்கும் அவரைக்கும் அது சரி. ஆனால் ஆடியில் போட்ட தக்காளி நம் ஊரில் புழுக்கத்தில் பூத்து, காய்க்கிற நேரத்தில் ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும். அதனால் நான் கார்த்திகையில்தான் விதைக்கிறேன். பொங்கலை ஒட்டிப் பூக்கும், மாசியில் பறிக்கலாம்.

கார்த்திகை புயல் மாதம் ஆயிற்றே என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் குழித்தட்டு, அதாவது நாற்று வளர்க்கச் சிறு சிறு குழிகள் உள்ள தட்டு. மக்கிய தேங்காய் நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழத்தில். ஒரு வாரத்தில் முளைத்துவிடும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது தட்டுகளைத் தூக்கி வீட்டுக்குள் வைத்தோம், அவ்வளவுதான். முளைத்த பிறகு வெயில் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் நாற்று வெளிறி நெட்டையாகப் போகும். 25 நாளில் செடி வளர்ப்புப் பைக்கு மாற்றலாம். தண்டில் இரண்டு விரற்கடை மண்ணுக்குள் போகும்படி நடுங்கள், அந்தத் தண்டிலிருந்தும் வேர் விடும்.

இப்போது ரகம். என் முதல் தேர்வு பி.கே.எம். 1. பெரியகுளத்தில் அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கியது. காய் தட்டை உருண்டை, காம்புப் பக்கம் பச்சை படர்ந்திருக்கும். நல்ல புளிப்பு. ரசத்துக்கு இதற்கு நிகராக நான் எதையும் சொல்ல மாட்டேன். செடியும் ஓர் அளவோடு நின்றுவிடுவதால் பைக்குத் தோதானது. ஆனால் இலைச்சுருட்டு வைரஸைத் தாங்காது. வெள்ளை ஈ பரப்புகிற நோய் அது, வந்த செடிக்கு மருந்தே கிடையாது, பிடுங்கிப் போட வேண்டியதுதான். மஞ்சள் ஒட்டுப்பொறியை (பூச்சி வந்து ஒட்டிக்கொள்ளும் பசை தடவிய மஞ்சள் அட்டை) நட்ட அன்றே கட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய்க் கரைசலை இலையின் அடிப்பக்கம் படும்படி மாலையில் தெளியுங்கள்.

பக்கத்தில் கத்தரி, மிளகாய் என்று வெள்ளை ஈ அதிகம் இருக்கும் வீடுகளுக்கு அர்கா ரக்ஷக் நல்லது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வீரிய ஒட்டு ரகம். இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் எதிர்த்து நிற்கும். காய் கெட்டி, நாலு நாள் வெளியில் வைத்தாலும் தளராது. புளிப்பு மட்டும் குறைவு. சித்திரை வரைக்கும் காய் வேண்டுமென்றால் செர்ரி தக்காளி இரண்டு செடி வையுங்கள், பெரிய காய் ரகங்களைவிட வெப்பத்தில் நன்றாகப் பிஞ்சு பிடிக்கிறது.

காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகினால் பூச்சி என்று மருந்தடிக்காதீர்கள். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது, அதனால் வருவது. தினமும் அளவாக ஊற்றினாலே அடுத்த காய்கள் தேறும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் இது இன்னும் அதிகம்.

பி.கே.எம். 1-இல் விதை எடுத்து வைக்கலாம். நோயில்லாத செடியில் நன்கு பழுத்த பழத்தைப் பிழிந்து, இரண்டு நாள் புளிக்கவிட்டு, வழவழப்பு போகக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். ஈரமில்லாமல் வைத்தால் மூன்று வருடம் முளைக்கும். அர்கா ரக்ஷக்குக்கு இது ஆகாது, ஒட்டு ரகம் என்பதால் அடுத்த தலைமுறை தாயைப் போல வராது. அதற்கு ஒவ்வொரு பட்டத்துக்கும் புது விதைதான் வாங்க வேண்டும்.