டூசான் ஷோ: எந்தக் கண்காட்சிக்கு டிக்கெட் வாங்கலாம்?

"பிப்ரவரியில் டூசான் ஷோ போறேன்" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "எந்த ஷோ?" என்றுதான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கிற அந்த ஊரில் ஜனவரி கடைசியில் தொடங்கி இரண்டு வாரத்துக்கும் மேல் எங்கே திரும்பினாலும் ரத்தினக்கல், கனிமக் கல் வியாபாரம். ஐ-10 நெடுஞ்சாலையை ஒட்டி வெள்ளைக் கூடாரங்கள் நிற்கும். விடுதிகளில் கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு அறைக்குள்ளேயே கடை விரித்திருப்பார்கள். காலி மனைகளில் பட்டை தீட்டாத கல்லைப் பீப்பாய் பீப்பாயாகக் கொட்டி வைத்திருப்பார்கள். மொத்தம் நாற்பதுக்கும் மேற்பட்ட தனித்தனிக் கண்காட்சிகள். பலவற்றில் நுழைவு இலவசம், சிலவற்றில் வியாபார உரிமம் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் தாய் ஒன்று உண்டு. டூசான் ஜெம் அண்ட் மினரல் சொசைட்டி என்ற உள்ளூர்ச் சங்கம், பிப்ரவரி இரண்டாவது வார இறுதியில், வியாழன் முதல் ஞாயிறு வரை கன்வென்ஷன் சென்டரில் நடத்துகிற கண்காட்சி. டிக்கெட் வாங்கி உள்ளே போக வேண்டியது இதுதான். இலவசமாகக் கிடக்கும் கூடாரங்களை விட்டுவிட்டு இதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

திருச்சியிலிருந்து வந்திருந்த பெரியப்பாவை இந்த வருடம் கூட்டிப்போனேன். அவர் வாழ்நாளில் பாதி செயற்கைக் கல்லுக்குப் பட்டை போட்டே கழிந்தது. உள்ளே நுழைந்து பத்து நிமிஷத்தில் கேட்டார்: "ஏம்மா, இதுல ஒரு கல்லும் வெட்டின கல்லா தெரியலையே. மண்ணுலேர்ந்து எடுத்தபடி வச்சிருக்காங்க. இதுக்கா இவ்ளோ கூட்டம்?"

கேள்வி சரியானதுதான். இங்கே ராஜா பட்டை தீட்டிய ரத்தினம் இல்லை, கனிமப் படிகம். உதாரணத்துக்கு வுல்ஃபெனைட். ஈயமும் மாலிப்டினமும் சேர்ந்த கனிமம், 2017 முதல் அரிசோனாவின் மாநிலக் கனிமம். ரெட் கிளவுட் சுரங்கத்திலிருந்து வந்த துண்டு ஒன்றை அங்கே பார்த்தோம். கருத்த பாறை மேல் ஆரஞ்சும் சிவப்புமாகச் சதுரச் சதுரத் தகடுகள், விளிம்பெல்லாம் பிளேடு மாதிரி. விளக்கு பின்பக்கம் இருந்ததால் தகடு வழியாக வெளிச்சம் ஊடுருவி வந்தது. 1938-ல் எட் ஓவர் என்ற சேகரிப்பாளர் அந்தச் சுரங்கத்தில் எடுத்த துண்டுகளை இன்றைக்கும் பெரிய அருங்காட்சியகங்கள் பெருமையாக வைத்திருக்கின்றன. கீறலை எவ்வளவு தாங்கும் என்று காட்டுகிற மோஸ் அளவில் இதன் கடினம் சுமார் 3, குவார்ட்ஸுக்கு 7. மோதிரத்தில் பதித்தால் ஒரு வாரம் தாங்காது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னதும், "அப்ப சக்கரத்துல வச்சா தூளாயிடும்" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு பேழையின் முன்னாலும் நின்று, இது சக்கரம் தாங்குமா தாங்காதா என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வந்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் மொழி புரியாமலே தலையாட்டினார்.

இந்தக் கண்ணாடிப் பேழைகளைப் பார்க்கத்தான் டிக்கெட். அவற்றில் இருக்கும் எதுவும் விற்பனைக்கு இல்லை. அருங்காட்சியகங்களும் தனி நபர் சேகரிப்பாளர்களும் தங்கள் அலமாரியிலிருந்து எடுத்துவந்து அந்த நான்கு நாளுக்கு மட்டும் வைக்கிறார்கள். ஆண்டுக்கொரு கருப்பொருள், பெரும்பாலான பேழைகள் அதையொட்டியே இருக்கும். அரிசோனாவின் பிஸ்பீ ஊரிலிருந்த தாமிரச் சுரங்கங்கள் 1975-ல் மூடப்பட்டன. அங்கிருந்து வந்த தாமிரக் கனிமங்களான நீல அசுரைட்டையும் பச்சை மாலகைட்டையும் இத்தனை அருகில், கழுத்தை நீட்டிப் பார்க்க வேறு எங்கே வாய்ப்பு?

இந்தப் பழக்கம் வந்த வழியைத் தெரிந்துகொண்டால் கண்காட்சியின் குணமும் புரியும். சங்கம் 1946-ல் தொடங்கியது. உறுப்பினர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பாலைவனத்தில் கல் பொறுக்கப் போகிற ஆட்கள், வியாபாரிகள் அல்ல. 1955-ல் ஹெலன் கீலிங் தொடக்கப் பள்ளியில் இலவசமாக முதல் கண்காட்சி வைத்தார்கள். பிறகு கவுண்டி (மாவட்ட) பொருட்காட்சித் திடலில் அரைவட்டத் தகரக் கொட்டகைக்குப் போனார்கள். ஊர்ச் சங்கத்துக்கு அதுவே போதும் என்று பலர் நின்றிருப்பார்கள். இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், பெரிய அருங்காட்சியகங்களுக்குக் கடிதம் எழுதி அழைத்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் கனிமப் பொறுப்பாளர் பால் டெசாட்டெல்ஸ் வர ஒப்புக்கொண்டார். அவர் வந்ததும் மற்ற அருங்காட்சியகங்களும் வந்தன, அவர்களைத் தேடிச் சேகரிப்பாளர்கள் வந்தார்கள், சேகரிப்பாளர்களைத் தேடி வியாபாரிகள் வந்தார்கள். கண்காட்சி அரங்கில் இடம் கிடைக்காத வியாபாரிகள் விடுதி அறைகளில் கடை போட்டார்கள், இன்றைய கூடார ஊர் அப்படித்தான் முளைத்தது. 1972-ல் சங்கக் கண்காட்சி இப்போதைய கட்டடத்துக்கு வந்தது. 2021-ல் கொரோனாவால் நடக்கவில்லை. சிறந்த பேழைக்குத் தரும் கோப்பைக்கு டெசாட்டெல்ஸின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இன்றும் நடத்துகிறவர்கள் தன்னார்வலர்கள். நுழைவாயிலில் கையில் முத்திரை குத்துகிற தாத்தாவிடம் ஒரு கல்லின் பெயரைக் கேட்டுப் பாருங்கள், வரிசை நின்றுவிடும். வார நாட்களில் பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் வந்து இறங்குவார்கள். சத்தம் ஜாஸ்திதான், எனக்கு அது பிடிக்கும்.

விற்பனைப் பகுதியும் உள்ளேயே இருக்கிறது. கூடாரங்களை விட விலை ஏறத்தாழ எப்போதும் அதிகம். ஆனால் கனிமத் துண்டுகளில் பெரும்பாலானவற்றில் எந்தச் சுரங்கம், எந்த ஊர் என்ற சீட்டு ஒட்டியிருக்கும். சேகரிப்பவருக்குப் பாதி மதிப்பு அந்தச் சீட்டில்தான். விலைச் சீட்டே வைக்காமல் முகத்தைப் பார்த்து விலை சொல்கிற ஒன்றிரண்டு கடைகளும் உண்டு, நான் அவற்றைத் தாண்டிப் போய்விடுவேன்.

வெளியே கூடாரங்களுக்குப் போகிறவர்கள் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (கைலென்ஸ்) ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டர்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல் என்று நம்பி ஒரு கூடாரத்தில் என் தோழி வாங்கிய சரத்தை அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தோம், பஞ்சு நீலமாகிவிட்டது. சாயம் ஏற்றிய வெள்ளைக் கல். இத்தனைக்கும் டர்காய்ஸ்தான் இந்த மாநிலத்தின் ரத்தினம்! சிட்ரின் (மஞ்சள் நிறக் குவார்ட்ஸ்) என்று விற்கும் அடர் ஆரஞ்சு நிறக் குகைக் கல், அதாவது உட்குழிவில் படிகம் விளைந்த கல், அடிப்பக்கம் வெள்ளையாகவும் நுனியில் மட்டும் நிறமாகவும் இருந்தால் அநேகமாக அது சூளையில் சுட்ட செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட்). மோசடி என்று சொல்ல முடியாது, சொல்லி விற்றால் சரி.

கெம்பு விஷயத்தில் பெரியப்பா என்னை விடக் கெட்டி. பெரிய கெம்பு ஒன்றை மலிவாகச் சொன்னார்கள். லூப்பில் பார்த்துவிட்டு, திருப்பித் திருப்பி விளக்கில் காட்டி, "உள்ள குமிழி இருக்கும்மா, நீலமா ஒரு மினுக்கம் ஓடுது பாரு" என்றார். விரிசலுக்குள் ஈயக் கண்ணாடி நிரப்பிய கல். பத்தர் ஊதுகுழலை வைத்தாலும் கெடும், எலுமிச்சம் சாறு பட்டாலும் அந்தக் கண்ணாடி அரித்துப்போகும். கடைக்காரரிடம் கேட்டோம், ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். நாம் கேட்காவிட்டால் சொல்லியிருப்பாரா என்பது வேறு விஷயம்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமையைத் தவிருங்கள், பேழை முன் நிற்க இடம் கிடைக்காது. வியாழன் காலை உத்தமம். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு டிராமில் வருவது மேல். நிகழ்ச்சி நாள் என்று பக்கத்து நிறுத்துமிடம் ஒன்றில் எங்களிடம் அதிகமாகக் கறந்துவிட்டார்கள். ஒரு நாள் மிச்சமிருந்தால் பழைய பிமா கவுண்டி நீதிமன்றக் கட்டடத்தில் அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஆல்ஃபி நார்வில் அருங்காட்சியகம் இருக்கிறது, 2021-ல் திறந்தது. பிப்ரவரியைத் தவறவிட்டவர்களும் அங்கே போகலாம். பெரியப்பா அடுத்த முறை வந்தால் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டுமாம்.