பழைய அரசு லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்? மின்ட், லுபுண்டு, எம்எக்ஸ், ஆன்டிஎக்ஸ், பப்பி

2011ல இருந்து தமிழ்நாட்டுல பசங்களுக்கு குடுத்த விலையில்லா லேப்டாப் எத்தனையோ வீட்ல இன்னும் பீரோ மேலதான் கிடக்கு. ஆரம்பத்துல வந்ததுல 2 ஜிபி ரேம்தான். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, விண்டோஸ் 11 டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப், புது ப்ராசஸர்னு கேக்குறதால இந்த மெஷின்களுக்கு ஒத்தே வராது. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்ங்கற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டா நல்லாவே ஓடும், அதுல மின்ட், லுபுண்டுன்னு பல வகை (டிஸ்ட்ரோ) இருக்கு, எதைப் போடுறதுங்கறதுலதான் எல்லாரும் குழம்புறாங்க.

முதல்ல ஒண்ணு. பூட் ஆனதும் எவ்ளோ ரேம் சாப்பிடுதுன்னு ஸ்க்ரீன்ஷாட் போட்டு சண்டை போடுறாங்களே, அதை ரொம்ப நம்பாதீங்க, ஏன்னா ப்ரவுசர்ல யூடியூப் ஒரு டேப், மெயில் ஒரு டேப் திறந்தாலே ஒரு ஜிபிக்கு மேல போயிடும். அதுக்கு அப்புறம் மிச்சம் என்ன இருக்குங்கறதுதான் கணக்கு.

4 ஜிபி ரேம் இருந்தா யோசிக்கவே வேணாம், லினக்ஸ் மின்ட்ல எக்ஸ்எஃப்சிஇங்கற லேசான டெஸ்க்டாப் வர்ற எடிஷன். விண்டோஸ் பழகின அப்பா அம்மா உக்காந்தா யாரையும் கேக்காம வேலை பாப்பாங்க, ப்ராட்காம் வைஃபை மாதிரி அடம்பிடிக்கிற கார்டுக்கு டிரைவர் மேனேஜர்லயே டிரைவர் கிடைக்கும், 22 சீரிஸுக்கு 2029 வரை அப்டேட் உண்டு. ஆனா 2 ஜிபில வேணாம். குறைஞ்சது 2, சௌகரியமா 4னு மின்ட்காரங்களே சொல்றாங்க. ரேம் நிறைஞ்சு ஸ்வாப்புக்கு, அதாவது ரேமுக்குப் பதிலா டிஸ்க்கை யூஸ் பண்ற நிலைக்குப் போச்சுன்னா பழைய ஹார்ட் டிஸ்க்ல மவுஸ் கூட நகராது.

லுபுண்டு மின்ட்டை விட கொஞ்சம் லேசுதான், 18.10 வெர்ஷன்ல இருந்து எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப், பாக்கவும் நல்லா இருக்கு. எனக்கு ஒத்துவராதது ஃபயர்ஃபாக்ஸ் ப்ரவுசர் ஸ்னாப்பா (தேவையானதெல்லாம் ஒண்ணா அடைச்ச பேக்கேஜா) வர்றது, ஹார்ட் டிஸ்க் மெஷின்ல முதல் தடவை திறக்கறதுக்குள்ள பொறுமை போயிடும். ஸ்னாப்பை எடுத்துட்டு ஃபயர்ஃபாக்ஸ் பண்ற மொஸில்லாவோட வழக்கமான டெப் பேக்கேஜ் போட்டுக்கலாம், தெரிஞ்சவங்களுக்கு சரி, வேற யாருக்காவது செட் பண்ணிக் குடுக்கறப்போ இந்த வேலை எதுக்கு? நீண்ட கால சப்போர்ட் வெர்ஷனான எல்டிஎஸ்சுக்கே 3 வருஷம்தான் சப்போர்ட்.

2 ஜிபிக்கு என் ஓட்டு ஆன்டிஎக்ஸ். டெபியன்ங்கற இன்னொரு லினக்ஸ்தான் அடிப்படை, பூட்டையும் பின்னணி வேலைகளையும் பாத்துக்கற சிஸ்டம்டி கிடையாது, ஐஸ்டபிள்யூஎம்னு சின்ன விண்டோ மேனேஜர், பூட் ஆகி நின்னா சில நூறு எம்பிதான். பாக்க இருபது வருஷம் முந்தின கம்ப்யூட்டர் மாதிரி இருக்கும், வைஃபை கனெக்ட் பண்ற இடம் முதல்ல புரியாது, ஒரு நாள் பழகினா போதும். தமிழ் கட்டம் கட்டமா தெரிஞ்சா நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட் போடுங்க, டைப் பண்ண ஐபஸ்ங்கற டைப்பிங் டூலோட எம்17என் பேக்கேஜைச் சேத்தா தமிழ்99 கீபோர்டு வந்துடும். இவ்ளோ மொட்டையா வேணாம்னா எம்எக்ஸ் லினக்ஸ்ல ஃப்ளக்ஸ்பாக்ஸ்ங்கற லேசான விண்டோ மேனேஜர் வர்ற எடிஷன் இருக்கு. அதுல இருக்கிற ஸ்னாப்ஷாட் டூல் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஒரு லேப்டாப்ல தமிழ் கீபோர்டு, லிப்ரெஆபீஸ் எல்லாம் பக்காவா செட் பண்ணிட்டு அதையே ஐஎஸ்ஓவா (இன்ஸ்டால் பண்ற ஒரே ஃபைலா) எடுத்து பென்டிரைவ்ல போட்டா, ஒரு ஊர் நூலகத்துக்கோ ட்யூஷன் சென்டருக்கோ பத்து மெஷின் ரெடி பண்றது ஒரு சாயங்கால வேலைதான்.

பப்பி தனி ரகம். முழுசா ரேம்ல ஏறிக்கும், ஹார்ட் டிஸ்க் செத்த மெஷினைக் கூட பென்டிரைவ்லயே ஓட்டலாம், பழைய டிஸ்க்ல மாட்டிக்கிட்ட போட்டோவைக் காப்பி பண்ணி எடுக்கவும் அருமை. ஆனா எல்லா அதிகாரமும் இருக்கிற ரூட் யூசராத்தான் ஓடும், அதுல பேங்க் வேலை பாக்காதீங்க.

32 பிட் இன்டெல் ஆட்டம் ப்ராசஸர் போட்ட நெட்புக் (குட்டி லேப்டாப்) வச்சிருக்கவங்களுக்கு இப்போ கஷ்ட காலம். டெபியன் 13ல 32 பிட் இன்ஸ்டாலர் இல்ல, லினக்ஸ் 32 பிட்டுக்கு ஃபயர்ஃபாக்ஸ் 144ஓட நின்னுடுச்சு. அந்த நெட்புக்கை எழுதவும் பாட்டு கேக்கவும் வச்சுக்கோங்க.

காசு செலவு பண்ண முடிஞ்சா டிஸ்ட்ரோ தேடுறதுக்கு முன்னாடி ஒரு 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி வாங்கி மாத்துங்க, அது குடுக்கற வேகத்தை எந்த லினக்ஸும் குடுக்காது. அதோட 2 ஜிபி மெஷின்ல, ரேமுக்குள்ளயே டேட்டாவைச் சுருக்கி வைக்கிற இசட்ரேமும் ஆன் பண்ணிடுங்க. இன்ஸ்டால் அழுத்தறதுக்கு முன்னாடி லைவ்ல, அதாவது இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்ல இருந்தே பூட் பண்ணி வைஃபை, சவுண்ட், மூடித் திறந்தா முழிக்குதான்னு மூணையும் பாத்துடுங்க, இதுல ஏதாவது வேலை செய்யலன்னா அடுத்த டிஸ்ட்ரோவை ஏத்திப் பாருங்க.