கிந்தா பள்ளத்தாக்கு: ஈயக் கப்பலா, கம்பார் அருங்காட்சியகமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஈயக் (வெள்ளீயம், tin) கதையைப் பார்க்க அரைநாள்தான் இருக்கிறது என்றால், எங்கள் ஓட்டு பத்து காஜாவுக்குத் தெற்கே, தஞ்சோங் துவாலாங் சாலையில் நிற்கும் ஐந்தாம் எண் ஈயக் கப்பலுக்கே. 1938-ல் கட்டி, 1982 வரை ஓடியது. எடை சுமார் 4,500 டன். பெயர்தான் கப்பல், ஓடியதெல்லாம் அது தானே தோண்டிக்கொண்ட குட்டைக்குள். சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகள் அடிமண்ணை அள்ளி மேலே கொட்டும். சுழலும் சல்லடை கல்லைப் பிரிக்கும். கனமான ஈயத்தாது அடியில் தங்க, மணல் பின்பக்கமாக வெளியேறும். வாளியின் தேய்ந்த உதட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள், மண் இரும்பைத் தின்ற கணக்கு அதில் தெரியும். படிகள் செங்குத்து, மழையில் வழுக்கும், செருப்போடு போகாதீர்கள்.

கம்பார் ஊரிலுள்ள ஈயச் சுரங்க அருங்காட்சியகம் வேறு ரகம். கப்பல் வாங்க முதல் இல்லாத சீன முதலாளிகளின் மணல்பம்பு முறை அங்கே. நீர்ப்பீச்சி கரையை உடைக்கும். பம்பு சேற்றைச் சாய்வான பாலோங் மேடைக்கு ஏற்றும். குறுக்குச் சட்டங்களில் தாது படியும். சரிவு கூடினால் தாதும் மணலோடு போய்விடும், குறைந்தால் மணலும் தேங்கும். தூலாங் என்ற மரத்தட்டில் தாதை அலசிய பெண்களின் உழைப்பையும் காட்டுகிறார்கள். குழந்தைகள், முதியவர்கள், மழைநாள் என்றால் இதுவே வசதி.

1985-ல் ஈய விலை சரிந்து, பல லம்பங்கள் (ஈயச் சுரங்கங்கள்) மூடின. கப்பலுக்குப் போகிறவர்கள் பாதியில் நின்ற பழைய பங்களாவான கெல்லி மாளிகையையும் சேர்த்துக்கொள்ளலாம். அருகிலுள்ள மாரியம்மன் கோயிலைத் தவறவிடாதீர்கள்.